கண்ணுக்குக் கீழே ஒரு புண்

என் அப்பா நாயை அடித்ததாக ஒத்துக்கொண்டார் என்ற செய்தி கொடைக்கானலிலிருந்து பஸ்ஸில் இறங்கி வந்தது. கொண்டுவந்தவர் கண்டக்டர் குமாரவேல். வத்தலக்குண்டு மாட்டாஸ்பத்திரி முற்றத்தில் நான் ஓர் எருமையின் குளம்பைக் கழுவிக்கொண்டிருந்தேன். அவர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றபடியே கத்தினார்.

"டாக்டரம்மா! ஒங்கப்பாவ பங்களா வீட்டக் காலி பண்ணச் சொல்லிட்டாகளாம். மொதலாளியம்மா நாய அடிச்சு மூஞ்சிய ஒடச்சிட்டாராம்ல?"

"யாரு, எங்கப்பாவா? மூட்டப்பூச்சிய நசுக்குறதுக்கே சிலுவை போட்டுக்கிற ஆளு அவரு."

"எனக்கென்னம்மா தெரியும்? அவரே ஒத்துக்கிட்டாராம். ஒங்கம்மா வெரசா வரச் சொன்னாக."

அடுத்த பஸ்ஸில் ஏறினேன். பையில் ஊசி, மருந்து, பல் பிடுங்கும் கருவிகள் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் போட்டுக்கொண்டேன். மலை ஏற ஏற என் கோபமும் ஏறியது. அப்பாவின் மேல் பாதி, விசாலாட்சி அம்மாளின் மேல் பாதி.

அவர் மதுரையில் நூல் வியாபாரம் செய்யும் குடும்பத்தின் தலைவி. ஏப்ரலில் காரில் வருவார், ஜூன் மழைக்கு முன்னால் இறங்கிவிடுவார். மற்ற மாதங்களில் அந்தப் பங்களாவுக்கும், பேரிக்காய்த் தோட்டத்துக்கும், டியூக் என்ற அல்சேஷன் நாய்க்கும் என் அப்பா மரியஅந்தோணிதான் காவல். பின்பக்கத்தில் அவுட்ஹவுஸ், ஓர் அறையும் ஓர் அடுப்படியும். நான் பிறந்தது அங்கே, படித்தது அங்கே. மிஷன் பள்ளிக்கூடத்துச் சிஸ்டர்கள் உதவியில் மெட்ராஸ் போய்க் கால்நடை மருத்துவம் படித்துப் பட்டம் வாங்கினேன். எங்கள் வம்சத்தில் அதுதான் முதல் பட்டம். வத்தலக்குண்டுக்காரர்களுக்கு நான் மாட்டு டாக்டரம்மா. விசாலாட்சி அம்மாளுக்கு இன்றைக்கும் வாட்ச்மேன் மகள்.

நான் போய்ச் சேர்ந்தபோது அம்மா இசபெல்லா பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாள். அப்பா விறகுக் குவியலின் மேல் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

"அடிச்சீங்களா?"

"இல்ல தாயி."

"பெறகு ஏன் அடிச்சேன்னு சொன்னீங்க?"

"டியூக்குக்குக் கண்ணுக்குக் கீழ புண்ணு. ஆறும், மறுபடி ஒடையும். மஞ்சளு வச்சுப் பாத்தேன், வேப்பெண்ணெ போட்டேன், ஒண்ணும் கேக்கல. மொதலாளியம்மா வந்து பாத்ததும், கம்பால அடிச்சியான்னு கேட்டாக. இல்லைங்கன்னேன். நம்பல. தெனமும் கேட்டாக. கடைசில, அந்தோணி, உண்மைய ஒத்துக்கிட்டா மன்னிச்சிருவேன், இல்லாட்டி வேற ஆளப் பாத்துக்கிருவேன்னாக. சரி, ஒத்துக்கிட்டா முடிஞ்சிரும்னு நெனச்சேன்."

"பாவசங்கீர்த்தனத்துல சொல்ற மாதிரியா? சொன்னா மன்னிப்புக் கெடைக்கும்னா?"

"ஆமா."

"பண்ணாத பாவத்தைச் சாமியார்கிட்டகூடச் சொல்லக் கூடாதுப்பா! அந்தம்மா என்ன சாமியாரா?"

"கத்தாத தாயி. காத்து அவுக வராந்தாப் பக்கம் அடிக்குது."

அம்மா சாக்கை உதறினாள். "நீ கேக்குற, அவரு பதில் சொல்றாரு. நானும் கேட்டுப் பாத்தேன். ஒத்துக்கிட்ட மறுநாளே, நாய அடிக்கிறவன் வீட்டுல இருக்கப்படாதுன்னுட்டாக. ஞாயித்துக்கெழமைக்குள்ள கெளம்பணுமாம். மன்னிப்பாம் மன்னிப்பு."

நான் டியூக்கைப் பார்க்கப் போனேன். பங்களாவின் பின்பக்கத் தூணில் கனத்த இரும்புச் சங்கிலியில் அவனைக் கட்டியிருந்தார்கள். வலது கண்ணுக்குக் கீழே, கன்னத்தில், ஒரு மிளகு நுழையும் அளவுக்கு ஓட்டை. அதைச் சுற்றி முடி உதிர்ந்து, சீழ் காய்ந்து ஒட்டியிருந்தது. ஆனால் நான் முதலில் பார்த்தது புண்ணை இல்லை. தட்டில் இருந்த ரொட்டியை அவன் எடுக்கும் விதத்தை. தலையை இடது பக்கம் சாய்த்து, இடது பக்கத்தால் மட்டும் மென்றான். பாதி கீழே விழுந்தது. விழுந்ததில் எச்சில் நூலாகத் தொங்கியது. வலது கன்னத்தை முன்காலால் தேய்த்துக்கொண்டான். பக்கத்தில் உட்கார்ந்ததும் வாயிலிருந்து அழுகல் நாற்றம்.

"எத்தன நாளா இப்பிடி ஒரு பக்கமா மெல்லுறான்?"

"மழ காலத்துலேருந்து," என்றார் அப்பா. "வயசாயிருச்சுன்னு நெனச்சேன்."

"சங்கிலி?"

அவர் சொன்னார். போன வருடம் டியூக் வில்பட்டிப் பக்கம் ஓடிப் போய் ஒரு நாட்டு நாயோடு சுற்றினான். செய்தி மதுரைக்குப் போனது. ஜாதி நாய், கண்ட நாயோடு சேர்ந்தால் கெட்டுப் போகும், கட்டிப் போடு என்று உத்தரவு வந்தது. அப்பா கயிற்றில் கட்டினார். டியூக் கயிற்றை அறுத்தான். அம்மாள் மதுரையிலிருந்து சங்கிலி அனுப்பினார். அவிழ்க்கக் கூடாது, கண்டிப்பு. அப்பா அவிழ்க்கவில்லை. மாதக்கணக்கில் அந்த நாய், போவோர் வருவோரையெல்லாம் பார்த்து, அந்த இரும்பைக் கடித்துக்கொண்டே கிடந்தது.

சங்கிலியைக் கையில் எடுத்தேன். தூண் பக்கத்து வளையங்கள் துருப்பிடித்திருந்தன. நாயின் வாய்க்கு எட்டும் வளையங்கள் மட்டும் புதுக் காசு போல மின்னின.

பின்பக்க வராந்தாவில் விசாலாட்சி அம்மாள் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். எதிரே டாக்டர் சேனாதிபதி. ரிட்டயரான கால்நடை டாக்டர், அவரும் சீசனுக்கு வந்தவர். டியூக்குக்குப் பென்சிலின் போட்டுக்கொண்டிருந்தவர் அவர்தான்.

"அம்மா, டியூக்குக்கு அடி படல. பல்லு கெட்டுப் போச்சு. நான் காட்டுறேன்."

"ஏம்மா லீமா, உங்கப்பனே ஒத்துக்கிட்டான். நீ என்ன புதுசா கதை சொல்ற?"

"கதை இல்ல. மேல்வரிசையில கறி கிழிக்கிற பெரிய பல்லு ஒண்ணு இருக்கு. அதோட வேரு கண்ணுக்கு நேர் கீழ முடியுது. பல்லு ஒடஞ்சு வேர்ல சீழ் பிடிச்சா, அது வாய்க்குள்ள வராம கன்னத்தைத் தொளச்சு வெளிய வரும். பென்சிலின் போட்டா வத்தும். நிறுத்தினா மறுபடி ஒடையும். சார், வத்தி ஒடஞ்சுதா இல்லையா?"

டாக்டர் கண்ணாடியைத் துடைத்தார். "ரெண்டு தடவை ஆச்சு."

"வாயத் தெறந்து பாத்தீங்களா சார்?"

"அல்சேஷன்மா அது. கடிக்கும்."

"கடிக்கிற நோயாளிக்கும் வாய்க்குள்ள பாக்கணும்னுதான் சார் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தாங்க."

"மரியாதையாப் பேசு," என்றார் அம்மாள்.

மரியாதையாகத்தான் பேசினேன். வேறு மாதிரிப் பேச எனக்குத் தெரியும்.

அப்பாவைக் கூப்பிட்டேன். வெறி நாய் இல்லையே என்று முதலில் நிச்சயப்படுத்திக்கொண்டேன். தண்ணீர் குடிக்கிறான், தாடை தொங்கவில்லை, குரல் மாறவில்லை, மாதக்கணக்கில் உயிரோடு இருக்கிறான். அதன் பிறகுதான் கையை வைத்தேன். அடித்தார் என்று சொல்லப்பட்ட மனிதர் குந்தி உட்கார்ந்து, டியூக்கின் தலையைத் தன் மடியில் வைத்து, உதட்டை மெல்ல விலக்கினார். அவன் ஒரு உறுமல்கூட உறுமவில்லை. அடிவாங்கிய நாய் அடித்தவன் மடியில் இப்படித்தான் கண்ணை மூடிக்கொண்டு படுக்குமா என்று வராந்தாவைப் பார்த்துக் கேட்டேன்.

பல் தெரிந்தது. வெளிப்பக்கம் ஓடு போலப் பெயர்ந்து, நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி. ஈறு வீங்கிச் சிவந்திருந்தது. மெல்லாத பக்கம் என்பதால் மற்ற பற்களில் காவி ஏறிக் கல்லாகியிருந்தது.

டாக்டர் தூர நின்று எட்டிப் பார்த்தார். "ஆமா, ஒடஞ்சுதான் இருக்கு. அந்த அடியிலயே ஒடஞ்சிருக்கும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அடியில ஒடஞ்சா மேலே இருக்கிற ஒதடு கிழிஞ்சிருக்காதா சார்? ஒதட்டுல ஒரு தழும்பு காட்டுங்க. இந்தக் கோரப்பல்லப் பாருங்க. நாலும் பின்பக்கம் மட்டும் அரம் வச்சு ராவுன மாதிரி தேஞ்சிருக்கு. எந்தக் கம்பு நாலு பல்லுக்கும் பின்னால போயி அடிக்கும்? இரும்பக் கடிச்சு இழுத்தா இப்பிடித் தேயும். சங்கிலி அங்கனதான் கெடக்கு. வாய்க்கு எட்டுற வளையம் மட்டும் பளபளன்னு இருக்கு. போயிப் பாருங்க."

யாரும் போகவில்லை. ஆனால் அம்மாளின் காப்பி ஆறியது. நாயின் மேல் அவருக்கு உண்மையாகவே பிரியம் இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

"இப்ப என்ன செய்யணும்?" என்றார்.

"பிடுங்கணும்."

சமையலறை மேஜையின் மேல் டியூக்கைக் கிடத்தினோம். முன்கால் ரத்தக்குழாயில் மயக்க மருந்து ஏற்றினேன். அப்பா தலையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பல்லுக்கு மூன்று வேர். முழுசாக இழுத்தால் தாடை உடையும். பல்லைச் சின்ன ரம்பத்தால் பிளந்து, ஒவ்வொரு வேராக நெம்பி, ஆட்டி, அவசரப்படாமல் எடுக்க வேண்டும். எடுத்தேன். கையில் இருந்த அளவு பொறுமை நாக்கில் இருந்திருந்தால் என் வாழ்க்கை வேறு மாதிரி இருந்திருக்கும்.

கடைசி வேர் வந்ததும் சீழ் கொட்டியது. அம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்தினார்.

"போயிராதீங்கம்மா. இதைப் பாத்துட்டுப் போங்க."

ஊசியில்லாத சிரிஞ்சில் கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரை எடுத்து, கண்ணுக்குக் கீழே இருந்த ஓட்டையில் வைத்து அழுத்தினேன். கன்னத்தில் போன தண்ணீர், பல் இருந்த குழி வழியாக வாய்க்குள் வந்து மேஜையில் வழிந்தது. முதலில் மஞ்சளாக. பிறகு சிவப்பாக. பிறகு வெறும் தண்ணீராக.

டாக்டர் சேனாதிபதி கிட்டே வந்து குனிந்து பார்த்தார். "பொண்ணு சொல்றது சரிதான்," என்றார். தொப்பியை எடுத்துக்கொண்டு போனார்.

சாயங்காலம் டியூக் தள்ளாடி எழுந்து தண்ணீர் குடித்தான். விசாலாட்சி அம்மாள் அவன் நெற்றியைத் தடவினார். முகம் இளகியிருந்தது.

"சரி அந்தோணி. பழசெல்லாம் விடு. மன்னிச்சிட்டேன். நீ இங்கயே இரு."

அப்பாவின் கைகள் கூப்பப் போயின. நான் குறுக்கே நின்றேன்.

"எதுக்கு மன்னிச்சீங்க?"

"என்ன?"

"அவரு அடிக்கலன்னு இப்ப ஒங்களுக்குத் தெரியும். அப்ப எதுக்கு மன்னிப்பு? சங்கிலி யாரு அனுப்பினது? அவரு அடிச்சாருன்னு வராந்தாவுல வச்சு நாலு பேருக்கு முன்னால சொன்னீங்க. அடிக்கலன்னும் அதே நாலு பேருக்கு முன்னால சொல்லுங்க."

"லீமா, வேணாம்," என்றாள் அம்மா.

விசாலாட்சி அம்மாள் என்னைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தார். "நீ சொல்லு. அடிச்சியா, அடிக்கலையா?"

அப்பா நாயைப் பார்த்தார். சாக்கைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார். நான் பார்த்தவரை அந்த முற்றத்தில் அவர் முதல்முறையாக நிமிர்ந்தது அன்றைக்குத்தான்.

"அடிக்கலைங்கம்மா."

"அப்ப அன்னைக்கு அடிச்சேன்னு சொன்னது பொய்யா?"

"ஆமாங்க."

"பொய் சொல்றவன் கையில எப்படிப்பா பங்களாச் சாவியக் கொடுத்துட்டுப் போறது?"

நிதானமாகத்தான் கேட்டார். ஜெயித்த குரல்கூட இல்லை. அடித்தேன் என்றால் முரடன், அடிக்கவில்லை என்றால் பொய்யன். எந்தக் கதவைத் திறந்தாலும் வெளியே போகும் வழிதான். மூன்றாவது கதவு ஒன்று இருந்தது, 'தப்பு என் மேல்' என்று. அது விசாலாட்சி அம்மாள் பக்கம் இருந்த கதவு. அதை அவர் திறக்கவில்லை.

"சாவிய நீங்களே வச்சுக்கங்க," என்றேன். "பத்து நாளைக்கு நாய்க்குக் கஞ்சிதான் கொடுக்கணும். எலும்பு கூடாது. வாய உப்புத் தண்ணி வச்சுக் கழுவணும். மறுபடி கட்டிப் போட்டா அடுத்த பக்கத்துப் பல்லும் போகும். அப்ப ஒத்துக்கிறதுக்கு எங்கப்பா இங்க இருக்க மாட்டாரு."

மறுநாள் வெள்ளனே முதல் பஸ்ஸைப் பிடித்தோம். குமாரவேல் சாக்குகளைக் கூரையில் ஏற்றிக் கட்டினார். அம்மா சேலையைப் போர்த்திக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். டியூக் கேட் வரைக்கும் வந்து நின்றதைப் பற்றி நாங்கள் பேசவில்லை. அவன் எப்படிக் கேட் வரைக்கும் வந்தான் என்று அப்பா யோசித்திருக்க வேண்டும்.

கொஞ்ச தூரம் போனதும் அவர் கேட்டார். "அவனுக்குக் கஞ்சி யாரு தாயி ஊத்துவா?"

"நீங்க வாயப் பொத்திக்கிட்டு வாங்க."

அடுத்த வளைவில் பஸ் சாய்ந்தது. என் மடியிலிருந்த பை கலகலவென்று சத்தம் போட்டது. அதற்கடுத்த வளைவிலும்.

"பையில என்ன?"

"சங்கிலி."

"அய்யய்யோ! அது மொதலாளியம்மா பொருளுல்ல? தேடுவாகளே!"

"தேடட்டும். வத்தலக்குண்டு வந்து கேக்கட்டும்."

"கேட்டா?"

"கேட்டா நான் பேசிக்கிறேன். நீங்க தயவுசெஞ்சு ஒண்ணே ஒண்ணு பண்ணுங்கப்பா. நாந்தான் எடுத்தேன்னு நீங்க ஒத்துக்கிடாதீங்க."