பேரீச்சம்பழக்காரி

அறுபத்தொரு மணித்தியாலமாக மபாஸா தன் பிள்ளையைத் தொடவில்லை. குறைமாதக் குழந்தைகளின் அறைக்குள் மற்றத் தாய்மார் போய்வந்தார்கள். அவள் மட்டும் கண்ணாடிக்கு வெளியே நின்றாள். அவள் கறந்து கொடுத்த பாலைக்கூடத் தாதி கொட்டிவிட்டாள்.

பிள்ளையின் இரத்தத்தில் பங்கசு, பூஞ்சைக் கிருமி. பிறந்த ஐந்தாம் நாள், மென்ற பேரீச்சம்பழத்தை விரல் நுனியில் எடுத்துப் பிள்ளையின் அண்ணத்தில் தடவியவள் மபாஸாதான். டொக்டர் கேட்டதும் மறைக்காமல் சொன்னாள்.

டொக்டரைவிடக் கூடுதலாக ஏசியவள் தாதி ஹாஜரா. மதுரங்குளிக்காரி, அவளும் முஸ்லிம்தான்.

"படிச்ச புள்ளதானே நீ? ஒன்னப் போல ஆக்களாலதான் நம்மள எல்லாரும் ஒரு மாதிரிப் பாக்குற."

அன்றிலிருந்து வார்ட்டில் அவளுக்குப் பேரீச்சம்பழக்காரி என்று பெயர். "தடவு, சுன்னத்து, நபி காட்டின வழி" என்று சொல்லியனுப்பிய மாமியே டெலிபோனில் ஒப்பாரி வைத்தாள்: "கைய வச்சிட்டு சும்மா இருக்கேலாதா ஒனக்கு?"

மபாஸா எல்லாவற்றையும் குனிந்த தலையோடு வாங்கிக்கொண்டாள். செய்தது தான்தானே.

இன்று பின்னேரம் அவள் கண் ஓரிடத்தில் நின்றது. பங்கசு மருந்தில் வெளிச்சம் படக்கூடாதென்று அவள் பிள்ளையின் மருந்துப் பைக்குக் கறுப்பு உறை போட்டிருந்தார்கள். நாலாம் கண்ணாடிப் பெட்டிக்கு மேலேயும் அதே கறுப்பு உறை தொங்கியது. அது கற்பிட்டி மக்டலினின் பிள்ளை.

"மக்டலின், நீ புள்ளைட வாயில என்னவும் வச்சியா?"

"எனக்கென்ன விசரே? ஞானஸ்நானத் தண்ணிகூட இன்னும் அதில படேல்லையடி."

மபாஸாவுக்குக் காது சுட்டது. நேரே ஹாஜராவின் மேசைக்குப் போனாள்.

"மிஸ், நாலாம் பெட்டிப் புள்ளைக்குப் பேரீச்சம்பழம் குடுத்தது யாரு?"

"சத்தம் போடாதே. அது வேற கதை."

"ஒரே மருந்து, ஒரே உறை. எப்பிடி வேற கதை? என்ட பால ஊத்தினீங்க. புள்ளைட விரலத் தொட விடல்ல. நானும் என்ட பாவம்னு நின்டன்."

தாய்மார் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். மக்டலின் மபாஸாவின் பின்னால் வந்து நின்றாள். ஹாஜரா டொக்டரின் அறைக் கதவைப் பார்த்தாள். அது சாத்தியிருந்தது.

"அங்கால வாங்க," என்றாள் தணிந்த குரலில். "தனியாச் சொல்றன்."

"என்ன ஏசினது தனியாவா? எல்லார் முன்னாலயும்தானே! இதையும் இங்கேயே சொல்லுங்க. சொல்லாம நான் அசைய மாட்டன்."

ஹாஜரா முகமூடியைக் கீழே இறக்கினாள்.

"ஒங்கட புள்ள பொறக்க முந்தியே, இந்த வார்ட்டுல மூணு புள்ளைகள்ட ரத்தத்துல இதே பங்கசு இருந்திச்சி."