டென்ட்டுக்குள்ள எதுக்குங்க டிரெஸ்ஸிங் டேபிள்?

1

இந்தக் கதை லிஃப்ட் நின்றுபோனதால் பிறந்தது. பெரிய எழுத்தாளர்களுக்குக் கனவில் வரும், காய்ச்சலில் வரும். எனக்கு ஐந்தாம் மாடிக்கும் ஆறாம் மாடிக்கும் நடுவில் வந்தது. நான் உள்ளே மாட்டிக்கொண்டு வியர்த்துக்கொண்டிருக்க, பழுது பார்க்க வந்த பெண் மெக்கானிக் என் தலைக்கு மேலே, லிஃப்டின் கூரையில் நின்றபடி வீட்டுக்காரரோடு போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, டென்ட்டுக்குள்ள எதுக்குங்க டிரெஸ்ஸிங் டேபிள்? கரடி வந்து பவுடர் போட்டுக்கப்போகுதா?"

கொஞ்ச நேரம் ஸ்பானர் சத்தம். பிறகு:

"நான் தரையிலதான் படுப்பேன். வானத்தைப் பாத்துதான் படுப்பேன். இதுல பேச்சே கிடையாது."

லிஃப்ட் இறங்கியது. அவர் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை. இனி வருவதெல்லாம் அந்த ஐந்து வாக்கியத்தின் மேல் நான் எழுப்பிய கட்டடம். இடிந்தால் பொறுப்பு என்னுடையது.

2

முதல் தொடக்கம்: "பனிப்போர்வை போர்த்திய மலைகளின் மடியில், நீலக் கண்ணாடியாய்த் துயிலும் அந்த ஏரி…"

(அடித்துவிட்டேன். அந்த ஏரியை நான் பார்த்ததே இல்லை. சுற்றுலா விளம்பரம் ஒன்றில் இதே வரி இருக்கிறது. அதை எழுதியவரும் பார்த்திருக்க வாய்ப்பில்லை.)

இரண்டாவது: "இயற்கையிடமிருந்து மனிதன் அந்நியப்பட்ட கணத்தில்தான்…"

(இதை வாசித்துக் காட்டியபோது என் மனைவி அடுப்பைப் பார்க்கப் போனாள். அடுப்பில் எதுவும் இல்லை.)

மூன்றாவது: நாளெல்லாம் லிஃப்ட் குழிக்குள் வேலை பார்க்கிற ஒருத்திக்கு, ஒரு ராத்திரியாவது தலைக்குமேல் மூடி இல்லாத இடத்தில் படுக்க வேண்டும்.

இது இருக்கட்டும். அழகில்லை, ஆனால் நகராமல் நிற்கிறது.

3

அவள் கணவரை அறிமுகப்படுத்த வேண்டும். அவருடைய அட்டையில் 'துயில் ஆலோசகர்' என்று இருக்கும்.*

(* மெத்தைக் கடை விற்பனையாளர்.)

காலையிலிருந்து மாலைவரை அவர் சொல்வது ஒன்றுதான்: தரையில் படுப்பது முதுகெலும்புக்குச் செய்யும் துரோகம். அப்படிப்பட்டவரிடம்தான் இவள் பாயைச் சுருட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போகலாம் என்றாள். அவர் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் கதை சுருக்கமாக முடிந்திருக்கும். திட்டமிட ஆரம்பித்தார்.

ஆலோசனைக்குத் தன் அக்காவை வரவழைத்தார்.

"தம்பி, மெத்தை கண்டிப்பா வேணும். கட்டில் இருந்தா இன்னும் நல்லது. குளிக்கத் தொட்டி ஒண்ணு?"

"அண்ணி, அங்க ஏரியே இருக்கு," என்றாள் மெக்கானிக்.

"ஏரியில வெந்நீர் வருமா?"

"அக்கா கேக்கறதுலயும் ஒரு நியாயம் இருக்கும்மா," என்றார் துயில் ஆலோசகர். "நாம இயற்கையை ரசிக்கத்தானே போறோம்? அவஸ்தைப்பட்டுக்கிட்டே எப்படி ரசிக்கிறது?"

"வீட்டையே தூக்கிட்டுப் போறதுக்கு வீட்டுலயே இருக்கலாமே."

கிண்டலாகத்தான் சொன்னாள். அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதை அவள் கவனிக்கவில்லை. நானும் அப்போது கவனிக்கவில்லை.

4

இங்கே எனக்கு அவள்மேல் சந்தேகம் வந்தது. இவ்வளவு பிடிவாதம் எதற்கு? வாசகருக்குப் பிடிக்காமல் போனால்? கொஞ்சம் இறங்கிவரச் செய்து பார்த்தேன்.

"சரிங்க, உங்க இஷ்டம்," என்று அவள் மென்மையாகப் புன்னகை

முடிக்க முடியவில்லை. தலைக்கு மேலிருந்து யாரோ ஸ்பானரால் தட்டுவது போலிருந்தது.

5

ஒத்திகை சனிக்கிழமை பகலில், அவர்கள் வீட்டு ஹாலில் நடந்தது. சாயங்காலம் மலைக்குப் பஸ். உலகத்தில் எல்லோரும் கூடாரத்துக்கு ஏற்ற படுக்கை வாங்குவார்கள். துயில் ஆலோசகர் மெத்தைக்கு ஏற்ற கூடாரம் வாங்கியிருந்தார். கடையின் ஆகப் பெரிய மெத்தையை ஹாலில் கிடத்தி, அதைச் சுற்றிக் கூடாரத்தை எழுப்பியதும், சோபா பால்கனிக்குப் போனது. சமையலறைக்குப் பக்கவாட்டில் நடந்துதான் போக முடிந்தது. உள்ளே டிரெஸ்ஸிங் டேபிள், இரண்டு விளக்கு, ஏசி காற்று வர ஒரு வாசல்.

அவசர அழைப்பில் வேலைக்குப் போன மெக்கானிக் திரும்பி வந்தபோது, கூடாரத்துக்குள்ளிருந்து நாத்தனாரின் குரல் கேட்டது.

"தம்பி, இதைவிடவா அந்த ஏரி நல்லா இருக்கப்போகுது? பேசாம இங்கயே ரெண்டு நாள் இருந்துடலாம்டா."

அவள் எடுத்துவைத்தது: பாய், தார்ப்பாய், டார்ச், இரண்டு போர்வை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கூடாரத்தின் முன் நின்றாள்.

"ஏங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

துணிக்குள்ளிருந்து, கடையில் ஒருபோதும் கேட்டிராத சன்னமான குரல்.

"எனக்குப் பயமா இருக்கும்மா."

"பாம்புக்கா?"

"இல்ல. தரையில படுத்து எனக்கு நல்லா தூக்கம் வந்துட்டா? திங்கட்கிழமை கடையில என்னத்தைச் சொல்லி விப்பேன்?"

அவருக்காக நான் எழுதிய வசனமில்லை அது. அவரைக் கேலி செய்யத்தான் கதைக்குள் கூட்டிவந்தேன். இப்போது பேனாவை வைத்துக்கொண்டு முழிக்கிறேன்.

அவள் முழிக்கவில்லை.

"தூக்கம் வந்தா வந்துட்டுப் போகுது. முதுகு வலிச்சா இன்னும் நல்லா விப்பீங்க. எப்படிப் பாத்தாலும் நஷ்டமில்ல. நீங்க வந்தா எனக்குச் சந்தோஷம். வரலைன்னாலும் நான் போறேன்."

6

முடிவுகள்:

அ) அவர் போகிறார், கட்டாந்தரையில் குறட்டை விடுகிறார், திங்கட்கிழமை கூசாமல் பொய் சொல்கிறார். (நடக்கக்கூடியது. அதனாலேயே சப்பென்று இருக்கிறது.)

ஆ) ஏரிக்கரையில் மழை கொட்டுகிறது, அவள் மனம் மாறி மெத்தையின் அருமையை (வேண்டாம். வழி தெரியாத எழுத்தாளன்தான் மழையைக் கூப்பிடுவான்.)

இ) அவள் மட்டும் போகிறாள். ஏரி அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று நான் எழுத வேண்டும். பார்க்காத ஏரியைப் பற்றி இரண்டாவது தடவையும் பொய் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. பார்த்தவள் வந்து சொல்லட்டும்.

ஆகவே என்னால் வர முடிந்த தூரம் அவர்கள் மாடி லிஃப்ட் வரைக்கும்தான். அவள் உள்ளே ஏறிவிட்டாள். 'கதவில் கால் வைக்காதீர்கள்' என்ற அறிவிப்பை அங்கே ஒட்டியவளே அவள்தான். இப்போது கதவுக்கு நடுவே காலை நீட்டி வைத்துக்கொண்டு, திறந்திருக்கும் தன் வீட்டு வாசலைப் பார்த்தபடி நிற்கிறாள். லிஃப்ட் கூவ ஆரம்பித்துவிட்டது.

ஹாலில், மெத்தை ஒரு முறை முனகியது. யாரோ எழுந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

கூடாரத்தின் ஜிப்பை நான் இழுக்கப்போவதில்லை. அது உங்கள் கைக்கு எட்டுகிற இடத்தில்தான் இருக்கிறது. இழுப்பதாக இருந்தால் சீக்கிரம். அந்தக் கால் இன்னும் கொஞ்ச நேரம்தான் அங்கே இருக்கும். எடுத்தாலும் அவள் ஏரிக்குத்தான் போவாள். இதுல பேச்சே கிடையாது.