நின்றபடி கேட்ட பாடம்

பதிமூன்று வருஷமாக நின்றபடியே பனியன் செக்கிங் பார்க்கும் நிர்மலாவுக்குக் கெண்டைக்காலில் நரம்பு நீலமாய்ப் புடைத்துச் சுருண்டு கிடந்தது. அவளுக்குத்தான் இன்றைக்கு உடல்நல வகுப்பாம். பனியன் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியின் ஆடிட்டுக்குப் போட்டோ வேண்டுமே. எண்பது பெண்கள் நின்றுகொண்டு கேட்டார்கள். இருந்த ஒரே நாற்காலியில் மேனேஜர் அருள்செல்வன் சாய்ந்திருந்தான்.

வகுப்பெடுக்க வந்த டாக்டர் ரத்தக்குழாய்ப் படத்தைக் காட்டினார். "இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுபோறது தமனி. இதயமே தள்ளிவிடுது, அதனால சுவர் தடிமன். திரும்பக் கொண்டுவர்றது சிரை. அதுக்கு அந்த வேகம் கிடையாது. கால் சதை அசைஞ்சு பிழிஞ்சாத்தான் ரத்தம் மேலே ஏறும். கீழே இறங்காம வால்வு தடுக்கும். நின்னுட்டே இருந்தா வால்வு கெட்டுடும், ரத்தம் தேங்கி நரம்பு புடைச்சுக்கும்."

என் கால் தினமும் சொல்வதைச் சொல்ல இவருக்கு ஒரு படம் வேண்டியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள் நிர்மலா.

டாக்டர் கிளம்பியதும் அருள்செல்வன் சொன்னான்: "வகுப்புல அரை மணி நேரம் போயிருச்சு. சாயங்காலம் சேர்த்து நின்னு முடிச்சுக் குடுத்துருங்க."

"ஆகட்டுங்க சார்," என்றாள் நிர்மலா. "நீங்க எந்திரிக்காதீங்க. இந்தக் கம்பெனியில ஒருத்தர் வால்வாச்சும் கெடாம இருக்கட்டுங்க."