தண்ணீர் ஏறும் வரை

கணவருடைய உள்ளங்கையில் ஒட்டியிருந்த கரியை அவள் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் கொல்லைப்புறத்திலிருந்து அந்தச் சீறல் கேட்டது. அறையில் இருந்தவர்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் மட்டும் துடைப்பதை நிறுத்தாமல், "சேஃப்டி வால்வு" என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. மனிதர் உயிர் போய்க் கட்டிலில் கிடக்கிறார். அவர் மூட்டிய நெருப்பு இன்னும் எரிந்துகொண்டிருக்கிறது.

அவர் லிஃப்ட் மெக்கானிக். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, "மேலயும் கீழயும் போயே ஆயுசு போச்சு, இனிமே ஒண்ணாவது நேரா போகட்டும்" என்று சொல்லி, உலகில் முதன்முதல் ஓடிய நீராவி ரயில் என்ஜின்களைப் போல ஒன்றைக் கொல்லைக் கொட்டகையில் செய்ய ஆரம்பித்தார். அசலில் மூன்றில் ஒரு பங்குதான். அதற்கே புகைபோக்கி அவள் தலைக்கு மேல் நின்றது. ஒன்பது வருஷம் அவர் "பிடி" என்றபோதெல்லாம் அவள் பிடித்தாள். விளக்கைப் பிடித்தாள், ஆணியைப் பிடித்தாள், பழுக்கக் காய்ச்சிய செப்புத் தகட்டின் மறுமுனையைக் குறட்டால் பிடித்தாள். சக்களத்தியைக் கொல்லையில் குடிவைத்துவிட்டாரே என்று பக்கத்து வீட்டுக்காரி கேலி செய்தால், சக்களத்தியாக இருந்தால் பாத்திரமாவது கழுவிக் கொடுப்பாளே என்று பதில் சொல்லுவாள்.

இன்றைக்குத்தான் முதல் நெருப்பு. இரண்டு பேரும் சேர்ந்து மூட்டுவது என்று பேச்சு. அவள் ரொட்டி வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் கொட்டகையிலிருந்து புகை கிளம்பிவிட்டது. ஆவி ஏற வெகுநேரம் ஆகும், அவள் வருவதற்குள் தயாராக இருக்கட்டும் என்று நினைத்திருப்பார். அது அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் வாசல் கதவிலிருந்தே திட்டிக்கொண்டு வந்தாள். கருவிப் பெட்டிமேல் உட்கார்ந்து சக்கரத்தில் சாய்ந்திருந்த முதுகைப் பார்த்து, பொறுமை கிடையாது, வாக்கு கிடையாது, பெண்டாட்டி என்றால் விளக்குப் பிடிக்க மட்டும்தானா என்று மூச்சு விடாமல் கேட்டாள். அவர் பதில் சொல்லாதது புதிதல்ல. அதனால் நெடுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அடுத்த தெரு டாக்டர் வந்து பார்த்து, நெஞ்சுதான், நொடியில் போயிருக்கும் என்றார். மகள் வந்தாள். கொழுந்தன் தன் பள்ளிக்கூட வேனைத் தெருமுனையிலேயே விட்டுவிட்டு ஓடிவந்தார். ஆள்களைக் கூட்டி அண்ணனை உள்ளே தூக்கி வந்து படுக்க வைத்தவர் அவர்தான். இப்போது சீறலைக் கேட்டதும் வாளியும் கையுமாகக் கொல்லைக்கு ஓடியவரும் அவர்தான்.

அவள் பின்னாலேயே ஓடி வாளியைப் பிடித்துக்கொண்டாள். எரிகிற அடுப்பில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் செம்பு விண்டுபோகும். அவருக்கு அது எங்கே தெரியும்? அண்ணனுக்குப் பைத்தியம் என்று ஒன்பது வருஷமாக ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு, வரும்போதெல்லாம் இரண்டு கிலோ பித்தளை வாங்கி வந்து வைத்துவிட்டுப் போனவர் அவர்.

"வெடிச்சிருமா அண்ணி?"

"வெடிக்காது. தண்ணி குறையாத வரைக்கும் வெடிக்காது."

பாய்லரின் பக்கத்தில் பொருத்திய கண்ணாடிக் குழாயைப் பார்த்தாள். தண்ணீர் கால்வாசிக்கு இறங்கியிருந்தது. தண்ணீர் ஏற்றும் பம்ப், சக்கரத்தோடு இணைந்தது. என்ஜின் ஓடினால்தான் பம்ப் ஓடும். நின்றால் சொட்டுக்கூட உள்ளே போகாது. நின்றபடியே ஏற்ற ஒரு கைப்பம்ப் வையுங்கள் என்று அவள் ஒரு வாரம் சண்டை போட்டுப் பார்த்தாள். பழையதில் இல்லாததை நான் வைக்க மாட்டேன் என்று அவர் ஒற்றைக் காலில் நின்றார்.

ஆனால் இன்னொரு வழி இருந்தது. அடுப்புக்கு அடியில் ஓர் இரும்பு முளை உண்டு. அதை உருவினால் நெருப்புத் தாங்கும் கம்பிகள் சாய்ந்து, கரி அத்தனையும் கீழே தட்டில் கொட்டிவிடும். அரை நிமிட வேலை. அவள் பிடித்துக்கொடுக்க அவர் பொருத்தியதுதான்.

தோல் கையுறையை மாட்டிக்கொண்டு குனிந்து முளையைப் பிடித்தாள். உருவினால் ஆபத்து விலகும், அவள் உள்ளே போய் அவர் பக்கத்தில் உட்காரலாம். ஆனால் அதற்குப் பிறகு இதை யார் மூட்டப் போகிறார்கள்? மகளுக்கு இதைக் கண்டாலே பயம். கொட்டகையைக் காலி செய்யச் சொல்லிப் பல நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஓரடிகூட நகராமல் இது எடைக்குப் போய்விடும். ஒன்பது வருஷத்து உழைப்பு, ஆவி ஏறி, இதோ கிளம்பத் துடித்துக்கொண்டு நிற்கிறது. செய்தவர் அதைப் பார்க்காமலே போய்விட்டார். அவர்மேல் அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. அழுகையும் அதோடு சேர்ந்து வந்தது. முளையிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"வேற வழியே இல்ல தம்பி. ஓட்டித்தான் ஆகணும். இல்லன்னா தண்ணி ஏறாது."

பொய்தான். கட்டிய கணவர் கட்டிலில் கிடக்கும்போது இப்படிக் கூசாமல் பொய் வருமென்று அவளே நினைத்ததில்லை.

அதற்குள் மகள் வந்துவிட்டாள். அழுது வீங்கிய முகம் இப்போது கோபத்தில் சிவந்திருந்தது. "அப்பா அங்க தனியா கெடக்கறாரும்மா. வந்தவங்க எல்லாரும் உன்னத்தான் கேக்கறாங்க. நீ இங்க ரயிலு ஓட்டப் போறியா?"

"தண்ணி ஏறணும். ஏறினதும் வந்துடறேன். நீ போய் அப்பா பக்கத்துல இரு."

மகள் கொஞ்ச நேரம் அம்மாவையே பார்த்தாள். பிறகு திரும்பிப் போனாள்.

இந்தப் பழைய மாதிரி என்ஜின் கிளம்புவதற்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் ஆவியைத் திறக்க, மற்றவர் இரண்டு கைப்பிடிகளை மாற்றி மாற்றித் தள்ளிக்கொடுக்க வேண்டும். சக்கரம் உருண்டதும் கால் மிதியை அழுத்தினால் பிறகு அது தானே பார்த்துக்கொள்ளும். கைப்பிடி அவளுடைய வேலை என்று அவளுக்கும் கணவருக்கும் இடையே எப்போதோ முடிவாகியிருந்தது. அவள் கொழுந்தனைக் கைப்பிடிகளுக்கு முன்னால் நிறுத்தி எப்படித் தள்ளுவது என்று காட்டினாள். பிறகு கணவருடைய இடத்தில் ஏறி நின்று ஆவியைத் திறந்தாள்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பெருமூச்சு விட்டதுபோல ஒரு சத்தம். பெரிய சக்கரம் ஒரு சாண் நகர்ந்தது, நின்றது, மறுபடி நகர்ந்தது. "மிதிங்க தம்பி" என்றாள். அவர் மிதித்தார். சத்தம் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வர ஆரம்பித்தது. கொட்டகையைத் தாண்டி, துணிக்கொடியைத் தாண்டி, மதில் வரை போட்டிருந்த தண்டவாளத்தில் என்ஜின் போனது. வந்திருந்தவர்கள் பின்வாசலில் கூடிவிட்டார்கள். கணவர் கிடந்த அறையின் ஜன்னல் பாதி சாத்தியிருந்தது. மகளின் கை வெளியே வந்து அதை முழுக்கத் திறந்துவிட்டுப் போனதை அவள் பார்த்தாள்.

மதில்வரை போய்ப் பின்னோக்கி வந்தார்கள். மறுபடி போனார்கள். பம்ப் டொக் டொக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. கண்ணாடியில் தண்ணீர் பாதிக்கு வந்தது, முக்காலுக்கு வந்தது. அடுத்த தடவை திரும்பி வரும்போது மேல்விளிம்பையும் தொட்டு, இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் நிறைந்துவிட்டது. புகைபோக்கி நீராவியோடு தண்ணீரையும் துப்பியது. கறுப்புத் துளிகள் கொழுந்தனின் வெள்ளைச் சட்டையில் பொட்டுப் பொட்டாக விழுந்தன.

கொட்டகைக்கு வந்து நின்றதும் அவர் குனிந்து கண்ணாடியைப் பார்த்தார். வாழ்நாளெல்லாம் வேன் ஓட்டுகிறவர்; எது காலி, எது நிறைந்தது என்று பார்க்கத் தெரியாதவரல்ல.

"போதுமா அண்ணி?"

அவள் ஆவிப் பிடியிலிருந்து கையை எடுக்கவில்லை. அவர் முகத்தைப் பார்க்காமல், மதிலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"இன்னும் ஏறல தம்பி."

அவர் மறுபடியும் கண்ணாடியைப் பார்த்தார். பிறகு அண்ணியைப் பார்த்தார்.

"ஆமா அண்ணி. இன்னும் கொஞ்சம் ஏறணும்" என்று சொல்லிக்கொண்டே கைப்பிடிகளைத் தள்ளினார்.