வெப்பி சிலெக்வாவின் சட்டைக் கை

1997ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை ஐந்தே காலுக்கு, முஃபுலிரா ஊரின் சுரங்கத் தொழிலாளர் மன்றக் கூடத்தில் வெப்பி சிலெக்வாவைத் தோளுக்கு மேலே தூக்கி எறிந்தார்கள். மழைக்காலம் முடிந்து, குளிர் வந்து போய், மாமரங்கள் பூத்த பிறகும் அவன் தரைக்கு வந்து சேரவில்லை. பாதங்கள் கூரைத் தகரத்தைப் பார்க்க, தலை கீழே தொங்க, முதுகு தரையில் விரித்த பாயை நோக்க, ஓர் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே நின்றுவிட்டான். எறிந்தவர் ஃபாக்சன் சிமுகோகோ. நாலாம் நிலைக் கறுப்பு பெல்ட் என்று அவரே சொல்லிக்கொண்டார். அந்த பெல்ட்டைப் பள்ளிச் சீருடைத் துணியின் மிச்சத்தில் சந்தைத் தையற்காரர் தைத்துக் கொடுத்திருந்தார். ஊரைவிட்டுப் போன ஒரு சுரங்க எஞ்சினியரின் படப் புத்தகத்தைப் பார்த்து ஜூடோ கற்றார். புத்தகத்தின் கடைசிப் பக்கங்கள் அவர் கைக்கு வருவதற்கு முன்பே வேர்க்கடலை மடிக்கப் போயிருந்தன. பஸ் ஓட்டுகிறவனிடம் லைசென்ஸ் கேட்கிற ஊர், ஆளைத் தலைக்கு மேலே தூக்குகிறவரிடம் காகிதம் எங்கே என்று கேட்கவில்லை. வெப்பியும் பஸ் டிரைவர்தான். கிட்வே வழித்தடத்தில் இரண்டு முறை அடித்துப் பணம் பறித்தார்கள் என்பதற்காகத் தற்காப்பு கற்க வந்தவன்.

முதல் வாரம் ஆறு பேர் சேர்ந்து அவன் தோளைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தார்கள். சுவரில் அடித்த ஆணிபோல அசையவில்லை. தீயணைப்புக்காரர்கள் ஏணி கொண்டுவந்து, எதற்கு என்று தெரியாமல் திரும்ப எடுத்துப் போனார்கள். டாக்டர் நாடி பார்த்து நன்றாயிருக்கிறது என்று எழுதினார். வெப்பியின் மனைவி அஸ்ட்ரிடா, ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் துணி தேய்க்கிறவள், போலீஸ் நிலையம் போனாள். காயம் எங்கே என்று கேட்டார்கள். இல்லை என்றாள். “அப்ப என்னன்னு எழுதறதும்மா? மொதல்ல விழட்டும். விழுந்ததும் ஓடி வாங்க, ஒக்காந்து எழுதிக்கலாம்” என்றார் எழுத்தர். விழுந்தால் தலைதான் முதலில் தரையைத் தொடும் என்பது கூடத்தில் நின்று பார்த்த எல்லோருக்கும் தெரிந்தது. அவளுக்கும் தெரிந்தது. கழுத்து ஒடிந்த மனிதர்களின் படுக்கை விரிப்புகளை அவள் தேய்த்திருக்கிறாள்.

அதன் பிறகு தினமும் வேலை முடிந்து சாப்பாட்டுப் பாத்திரத்தோடு கூடத்துக்கு வந்தாள். பள்ளி மேசை ஒன்றின் மேல் ஏறி நின்று, ன்ஷிமா என்கிற சோளமாவுக் களியை உருண்டை பிடித்து, கபென்டா மீன் குழம்பில் தொட்டு, தலைகீழாக இருந்த வாயில் வைத்தாள். சோறு மேல்நோக்கி இறங்கப் பதினைந்து நாளில் பழகிக்கொண்டது. மற்ற காரியங்கள் எப்படி நடக்கின்றன என்று ஊரார் கேட்டார்கள், அவள் அடுத்த உருண்டையைப் பிடித்தாள். வெப்பிக்கு வாய்க்கொழுப்பு குறையவில்லை. மகள் பெயரைச் சொல்லித்தான் அவளைக் கூப்பிடுவான். “முவேவாம்மா, உனக்கு மண்டை நடுவுல முடி கொட்டுது தெரியுமா? கீழ இருக்கறவன் எவனும் சொல்ல மாட்டான்” என்பான். பக்கத்து வீட்டுக்காரிகள் அவர்கள் பங்குக்குக் கிண்டல் செய்தார்கள். “உனக்கென்னடி கொறச்சல்? இந்த ஊர்லயே சாயங்காலம் பாருக்குப் போகாம ஒரே எடத்துல இருக்கற ஆம்பள உன் புருஷன் ஒருத்தன்தான்.” அவள் சிரித்தாள், ஏனென்றால் அந்த இடத்தில் சிரிக்க வேண்டும். புருஷன் உள்ளவளா இல்லாதவளா என்று அவளுக்கே தெரியவில்லை. மாமியார் வீட்டார் துக்கத்துக்கும் வரவில்லை, விசேஷத்துக்கும் கூப்பிடவில்லை. ஒரே பக்கமாகப் படுத்தால் கை மரத்துப்போகுமே, அப்படி அவளுக்கு மனசு மரத்துப்போனது. மகள் முவேவா அப்பாவின் காதைப் பிடித்துக்கொண்டு பாடம் ஒப்பித்து ஆறாம் வகுப்பு வரை வந்துவிட்டாள்.

1999இல் அரசாங்கம் ஒரு விசாரணைக் குழு வைத்தது. சண்டைக்கலை சொல்லித்தருகிறவர்களுக்கும் கறுப்பு பெல்ட்டுக்கும் சட்டம் வேண்டுமா வேண்டாமா என்று ந்டோலா நகரில் மூன்று நாள் கேட்டார்கள். முன்னூறு பேர் வெள்ளை உடையில் வந்திருந்தார்கள். கராத்தேக்காரர் ஒருவர், “பெல்ட்டு வேர்வையில கறுக்கணும்யா, ரப்பர் ஸ்டாம்பு மையில இல்ல” என்றார், கைதட்டினார்கள். எதிரணிக்காரர் எழுந்து, “உன்னுது சாயத்துல கறுத்தது, மழைல நனைஞ்சப்ப நாங்க பாத்தோம்” என்றார், அதற்கும் கைதட்டினார்கள். ஒவ்வொரு சங்கமும் மற்ற சங்கங்களின் பெல்ட் போலி என்று பட்டியல் கொடுத்தது. கூட்டிப் பார்த்தால் நாட்டில் உண்மையான பெல்ட்டே இல்லை என்று வந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் அஸ்ட்ரிடாவைப் பேசச் சொன்னார்கள். அவள் சலவைக்கூடச் சீருடையிலேயே வந்திருந்தாள். “காகிதம் இல்லாத ஆளு இன்னொருத்தர் சட்டையில கை வைக்கக் கூடாது. வெச்சா ஜெயிலு. அவ்ளோதான்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அது புதிய சட்டத்தின் ஏழாம் பிரிவாக அப்படியே அச்சானது. அதன் கீழே அதிகாரிகள் தங்கள் பங்குக்கு ஒரு வரி சேர்த்தார்கள்: தரையைத் தொடும் நேரத்தில் ஒருவரின் சட்டை யார் கையில் இருக்கிறதோ அவரே எறிந்தவராகக் கருதப்படுவார்.

சட்டம் 2001இல் நடைமுறைக்கு வந்தது. ஊரிலிருந்த அறுபத்து மூன்று கறுப்பு பெல்ட்டுகளில் இரண்டுதான் மிஞ்சின, இரண்டும் கராத்தே. மற்றவற்றில் பாதி விறகு கட்டப் போயின. சிமுகோகோவின் பெல்ட்டைப் பிடுங்கி, கூடத்துக்கு இருநூறு அடிக்குள் வரக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். அவர் இருநூற்றோராவது அடியில் தக்காளிக் கடை போட்டார். அஸ்ட்ரிடா கடந்து போகும்போதெல்லாம் எழுந்து நிற்பார். அவள் வேறு கடையில் தக்காளி வாங்கினாள்.

தலைநகர் லுசாக்காவிலிருந்து வந்த சிசெங்கா என்பவர்தான் கூடத்தில் கால் வைத்த முதல் பதிவு பெற்ற ஜூடோ ஆசிரியர். வெப்பியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. “சட்டைக் கைய விட்டுட்டான்மா. தூக்கிப் போடறவன் கடைசி வரைக்கும் கைய விடக் கூடாது. கீழ தொடறப்ப மேல இழுத்துப் பிடிக்கணும். அதுலதான் தலை தப்பிக்கும். இது எறிஞ்சு முடிக்காத எறி” என்றார். வெப்பியின் வலது சட்டைக் கை கீழே தொங்கிக்கொண்டுதான் இருந்தது, நாலரை வருஷமாக, மேசையில் ஏறினால் எட்டும் தூரத்தில்.

“அப்ப பிடிங்கய்யா” என்றாள் அஸ்ட்ரிடா.

சிசெங்கா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். “நான் பிடிச்சா நான் எறிஞ்சதா ஆயிடும்மா. நாலரை வருஷம் முன்னாடி எவனோ ஆரம்பிச்சது. கழுத்து போச்சுன்னா என் காகிதம் போச்சு.” நல்ல மனிதர்தான், பிடி எப்படி இருக்க வேண்டும், எந்த நொடியில் இழுக்க வேண்டும் என்று தன் உதவியாளரின் சட்டையில் பிடித்துக் காட்டிவிட்டுத்தான் போனார். நாட்டில் பதிவு பெற்ற மற்ற ஆறு ஜூடோ ஆசிரியர்களுக்கும் அவள் கடிதம் எழுதினாள். ஆறு பேரும் ஆறுதலாகப் பதில் போட்டார்கள், யாரும் வரவில்லை. இரண்டு வருஷம் இதிலேயே போயிற்று. விஷயம் தக்காளிக் கடைக்கும் எட்டியது. ஒரு நாள் சிமுகோகோ வழியை மறித்தார்.

“நான் வர்றேன் முவேவாம்மா. ஜெயிலுக்குப் போனா போறேன். நான் ஆரம்பிச்சத நானே முடிச்சுடறேன்.”

“உங்க கையில ஒரு தடவ குடுத்தது போதும்” என்றாள் அவள்.

அன்று வீட்டுக்குப் போய், இருபத்தைந்து கிலோ சோளமாவு மூட்டைக்கு வெப்பியின் பழைய கோட்டை மாட்டி, முற்றத்து அவகாடோ மரக்கிளையில் கட்டினாள். கயிற்றை முவேவா அவிழ்ப்பாள். இவள் கோட்டுக் கையைப் பிடித்திருந்து, கடைசி நொடியில் மேலே இழுப்பாள். முதல் மாதம் மூட்டை கிழிந்து கிழிந்து போயிற்று. பிறகு இரண்டு மூட்டை, பிறகு மூன்று. ஒன்றரை வருஷம் கழித்து, மூன்று மூட்டை தரையில் உட்காரும்போது மாவு தூசுகூடப் பறக்கவில்லை. அதற்குள் தானே காகிதம் வாங்க, ஜூடோ பழகுநர் விண்ணப்பம் ஒன்றையும் போட்டுப் பார்த்தாள். முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களைச் சேர்ப்பதில்லை என்று திரும்பி வந்தது.

2005 ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயப் பூசை முடிந்து மத்தியானம் கூடத்துக்கு வந்தாள். காவலாளி கும்வெண்டா கதவோரம் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு மேசைமேல் ஏறினாள். “என்ன, பாத்திரத்த காணோம்?” என்றான் வெப்பி. “பேசாத. தாடைய நெஞ்சோட ஒட்டிக்க” என்றாள். சட்டைக் கையை முழங்கைக்குப் பக்கத்தில் பிடித்தாள். உடனே எடை வந்தது. ஒரு மனிதனின் முழு எடையும் ஒரே நேரத்தில் அவள் வலது கையில் வந்தது; மேசை கவிழ்ந்தது, அவள் கால்கள் தரையில் ஊன்றின, அவள் மேலே இழுத்தாள். வெப்பி பாயில் முதுகு படிய விழுந்தான். அவன் இடது கை தானாகப் பாயை ஓங்கி அறைந்தது. அந்தச் சத்தம் சந்தை வரை கேட்டதாகச் சொல்கிறார்கள். அவன் முழங்கையில் கொஞ்சம் சிராய்ப்பு. கும்வெண்டா செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, காவலாளி என்ற முறையில் அறிக்கை எழுதினார். காயம் ஒன்று என்று குறித்தார்.

அந்தச் சட்டத்தின் கீழ் இந்த ஊரில் தண்டிக்கப்பட்ட முதல் ஆள் அஸ்ட்ரிடா சிலெக்வா. நீதிமன்றத்தில் அவள் எதையும் மறுக்கவில்லை. காகிதம் உண்டா என்று கேட்டார்கள், இல்லை என்றாள். விழும்போது சட்டை யார் கையில் இருந்தது என்று கேட்டார்கள், என் கையில் என்றாள். நீதிபதி பழைய விசாரணைக் குழுவின் அறிக்கையை வரவழைத்துப் படித்திருந்தார். அவருக்கே சங்கடமாக இருந்தது.

“இந்த ஏழாம் பிரிவு நீங்க சொன்னதுதானேம்மா?”

“ஆமாங்கய்யா. மொத வரி நான் சொன்னது.”

“தப்புன்னு தோணுதா? எடுத்துடச் சொல்லி நான் மேல எழுதலாம்.”

வெப்பி முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்தான். பெஞ்சு வேண்டாம் என்று சொல்லிவிட்டான். “வேணாங்கய்யா, இருக்கட்டும். அது அன்னைக்கே இருந்திருந்தா இவரு மேலேயே போயிருக்க மாட்டாரு” என்றாள்.

நாற்பது நாள் கொடுத்தார்கள். கமுச்சங்கா சிறைக்குப் போகும் வண்டியில் வலது தோள் விண்விண் என்று தெறித்தது. எட்டு வருஷத்தில் அவளுக்கு ஏதாவது ஒன்று உறைத்தது அன்றைக்குத்தான். பக்கத்தில் இருந்த காவல்காரி என்னம்மா என்று கேட்டாள். “அவரு எவ்ளோ கனம் தெரியுமா” என்று சொல்லிவிட்டு, வண்டி நிற்கும் வரை அழுதாள்.