கானூ நுழையாத அறை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது நானாக எழுத வந்த கதை இல்லை. அமெரிக்காவில், செயின்ட் பால் நகரத்தில் ஒரு நடுநிலைப் பள்ளி கேட்டு வாங்கும் கதை. லாவோஸ் மலைகளிலிருந்து அகதிகளாக வந்த எங்கள் மோங் சனத்தின் பிள்ளைகள், மனக்குறை கேட்கும் ஆலோசகர் அறைப் பக்கமே வருவதில்லையாம். ஒரு மோங் பெண் அந்த அறைக்குள் அழுதுகொண்டு போய், சிரித்துக்கொண்டு வெளியே வரவேண்டும். அவ்வளவுதான் கேட்டார்கள். நானும் மோங்காரிதானே, சுலபம் என்று தலையாட்டிவிட்டேன்.

2

தொடக்கம்: 'கானூ மோவாவுக்கு வயது பதின்மூன்று. அவள் அந்தக் கதவைத் தட்டியபோது…'

(தட்டமாட்டாள். அந்த வரியை அடித்துவிட்டேன்.)

ஏன் தட்டமாட்டாள் என்று பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்தில் பிள்ளைகளையே கேட்டேன்.

"அங்க பைத்தியம்தான் போவும் அத்தை."

"போடா, கிளாஸ் மாத்தணும்னாகூடப் போலாம்."

"எதாச்சும் சொன்னா வீட்டுக்கு போன் போட்டுடுவாங்க அத்தை. எங்கம்மாவுக்கு இங்கிலீஷ் வராது. நடுவுல மொழிபெயர்க்கிறது யாரு தெரியுமா? எங்க சித்தப்பா! சாயங்காலத்துக்குள்ள மோவா வீடு அத்தனையும் துக்கம் விசாரிக்க வந்துடும்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது.

(எங்களில் குலப்பெயர் ஒன்றாக இருந்தால் போதும், சொந்தம். நானும் மோவா. அதனால்தான் பார்த்ததும் அத்தை.)

3

கானூவுக்கு என்ன குறை? பனிக்காலத்தில் அவள் அண்ணன் இறந்துபோனான். பள்ளிவிட்டு வந்து அவள் மாடிப்படி ஏறும்போது பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான். செத்தவர் கூப்பிட்டால் பதில் பேசக்கூடாது. பேசினால் நம் உயிரும் அவர் பின்னாலேயே போய்விடும் என்று எங்கள் வீடுகளில் சின்ன வயதிலேயே சொல்லிவைப்பார்கள். கானூவுக்கோ பதில் சொல்ல ஆசையாக இருக்கிறது. அதுதான் அவள் பயம்.

முடிவு ஒன்று: ஆலோசகரிடம் சொல்கிறாள். குரல் கேட்கிறது என்று அவர் எழுதிக்கொள்கிறார். மனநல ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

இரண்டு: வீட்டில் சொல்கிறாள். வாசலில் கோழியும் முட்டையும் வைத்து அவள் உயிரைத் திரும்ப அழைக்கிறார்கள். மணிக்கட்டு நிறைய வெள்ளை நூல் கட்டுகிறார்கள். கொஞ்ச நாள் நன்றாகத் தூங்குகிறாள். அப்புறம் மறுபடியும் கூப்பிடுகிறான்.

மூன்று: யாரோ ஒருவர், அண்ணன் உன்னிடம் என்னதான் கேட்கிறான் என்று அவளை…

(இதை எழுத எனக்குத் தெரியவில்லை.)

4

எழுதிய வரைக்கும் பிள்ளைகளுக்குப் படித்துக்காட்டினேன். "பேய்க் கதையா அத்தை?" என்று கேலி செய்துவிட்டு, மணி அடித்ததும் ஓடிவிட்டார்கள். இதுவரை வாயே திறக்காத ஒருத்தி மட்டும் போகவில்லை. குளிர்ச்சட்டையின் ஜிப்பை மேலும் கீழும் இழுத்துக்கொண்டு நின்றாள்.

"தப்பா எழுதிட்டீங்க அத்தை."

"எதும்மா?"

"அவ பதில் சொல்லிட்டா." ஜிப் நின்றது. "அப்புறம் என்ன ஆகும்னு எழுதுங்க."

உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தாள். நான் ஏதாவது கேட்டால் சொல்லமாட்டாள். அவள் அப்பாவுக்கு நான் தங்கை முறை; என்னிடம் சொன்னால் வீட்டுக்குச் சொன்ன மாதிரிதான்.

இதைப் படிக்கிற நீங்கள் எங்களுக்குச் சொந்தம் இல்லை. அவள் இன்னும் எழுந்து போகவில்லை. அவளிடம் நீங்கள் கேளுங்கள்.