ஏரிப் பக்கத்துக் கேட்

காலையில் எழுந்தவுடன் மோட்டார் போடுகிறேன். மாடித் தொட்டி நிறைந்து தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டதும் அணைக்கிறேன். வாசல் கேட்டில் மாட்டியிருக்கும் பையிலிருந்து பால் பாக்கெட்டை எடுக்கிறேன். பால் காய்வதற்குள் பல் தேய்த்துவிடுகிறேன். காபி. குளியல். கடை மாவில் இரண்டு தோசை. தொட்டுக்கொள்ள மிளகாய்ப் பொடி. சட்னி அரைப்பதில்லை. தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு ஷூ போடுகிறேன்.

ஷூ ஸ்டாண்டின் கீழ்த்தட்டில் மாளவிகாவின் ஷூ இருக்கிறது. போலீஸ் ஸ்டேஷனில் அதை ஒரு கேரி பேகில் போட்டுக் கொடுத்தார்கள். அடியில் ஏரிச் சேறு காய்ந்து ஒட்டியிருக்கிறது. நான் அதைத் தட்டவில்லை.

பஸ்ஸில் தாம்பரம். அங்கிருந்து செங்கல்பட்டு வண்டியில் மறைமலை நகர். கம்பெனியில் பிரேக் பாகங்களின் அளவு பார்க்கும் பிரிவில் இருக்கிறேன். அளவு சரியாக இருந்தால் பச்சை விளக்கு, இல்லையென்றால் சிவப்பு. மாலையில் அதே வழியில் திரும்புகிறேன்.

மாளவிகா என் மனைவி. போன ஆடியில் இறந்துபோனாள். மெயின் ரோட்டில், தண்ணீர் லாரி. ‘ஏரிக்குப் போகும் வழியில் விபத்து’ என்று எல்லோரும் சொல்கிறார்கள். காலனி அசோசியேஷன் வைத்த கண்ணீர் அஞ்சலி பேனரிலும் அப்படித்தான் இருந்தது. போகும் வழியில் இல்லை, திரும்பி வரும் வழியில். ஷூவைப் பார்த்தாலே தெரியும். யாரும் ஷூவைப் பார்க்கவில்லை.

எங்கள் தெரு முடிகிற இடத்தில் நெடுங்கழனி ஏரி. தெருக்கோடியில் ஓர் இரும்புக் கேட். அதைத் தாண்டினால் ஏரிக்கரை. எதிர்க்கரையில் பெரும்பாக்கத்து அரசுக் குடியிருப்பு, அடுக்கடுக்காக. கேட் திறந்திருந்தால் கரைக்குப் போவது அடுத்த வீட்டுக்குப் போவது மாதிரி. பூட்டியிருந்தால் மெயின் ரோட்டைச் சுற்ற வேண்டும். அந்த ரோட்டில் நடக்க இடம் கிடையாது. மழைநீர்க் கால்வாய்க்கு மூடி போட்டு, அதன்மேல் கடை போட்டிருக்கிறார்கள்.

மாளவிகா ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கல்யாணமாகி இங்கே வந்த புதிதில் ஏரியின் தெற்கு மூலையில் இடித்த வீட்டுக் கல்லும் மண்ணும் கொட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கம் யாரும் போவதில்லை. அவள் போக ஆரம்பித்தாள். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனாள். காலனியிலிருந்து கொஞ்சம் பேர், எதிர்க்கரைக் குடியிருப்பிலிருந்து நிறையப் பேர். நடப்பார்கள், தூண்டில் போடுவார்கள், பசங்க மதகுக்குப் பக்கத்தில் குதிப்பார்கள். ஒருநாள் லாரி வந்தபோது அத்தனை பேரும் பாதையில் உட்கார்ந்துவிட்டார்கள். அதன்பிறகு லாரி வரவில்லை.

ஒரு சனிக்கிழமை திருநீர்மலைக்குப் போயிருந்தோம். படியேறி மேலே நின்றதும் அவள் சாமியைப் பார்ப்பதற்கு முன்னால் ஏரிகளைப் பார்த்தாள்.

“ஆள் போகாத ஏரிதான் முதல்ல பிளாட் ஆகுது கிரீஷ். பார்த்துட்டே இருந்தா எவனும் கை வைக்க மாட்டான்” என்றாள்.

“சாமியைப் பாரு முதல்ல.”

“அவர் எங்கயும் போக மாட்டார்.”

அசோசியேஷன் செக்ரெட்டரி யக்ஞநாராயணன் சார். ரிட்டயர்டு பாங்க் மேனேஜர், மூன்றாவது வீடு. மாளவிகா போனதிலிருந்து அவர் வீட்டிலிருந்து எனக்கு ரசம் வருகிறது. அவர் மனைவி நாகலக்ஷ்மி மாமி வைப்பது. மூடி போட்ட எவர்சில்வர் தூக்கில் சாரே கொண்டுவந்து கொடுப்பார். நான் கழுவி வைத்த முந்தின நாள் தூக்கை வாங்கிக்கொண்டு போவார். பெரும்பாலும் ஒன்றும் பேச மாட்டார். அதனாலேயே அவர் வருவது எனக்குத் தொந்தரவாக இல்லை.

போன வாரம் பேசினார். போனில் ஒரு படத்தைக் காட்டினார். கருங்கல் மாதிரி வரைந்த பலகை. ‘மாளவிகா நினைவு ஏரிப் பூங்கா’ என்று பெரிய எழுத்தில். அதற்குக் கீழே, ‘“என் ஏரியைப் பார்த்துக்கொள்ளுங்கள்” – மாளவிகாவின் கடைசி வார்த்தைகள்.’

“கவுன்சிலர் ஒத்துண்டாச்சு. மாநகராட்சியும் சரின்னுடுத்து. சுத்தி முழுக்க வேலி, நம்ம பக்கத்துல மட்டும் ஒரே கேட். ரெசிடென்ட்ஸுக்குக் கார்டு. வெளி ஆளுக்கு டிக்கெட். குப்பை போட முடியாது, எவனும் உள்ள வந்து குடிக்க முடியாது. அவ ஆசைப்பட்ட மாதிரியே ஏரி பத்திரமா இருக்கும்.”

“சரி சார்.”

“அந்த வாசகம் நானா ஒரு பொருத்தத்துக்குப் போட்டது. அவ உன்கிட்ட கடைசியா வேற ஏதாவது சொல்லியிருந்தா சொல்லு, மாத்திடலாம்.”

“இருக்கட்டும் சார்.”

“ஞாயித்துக்கிழமை கரையில கூட்டம். பொதுமக்கள் கருத்துக் கேட்கணுமாம். வேலைக்கு ஆட்சேபணை இல்லைன்னு குடும்பத்து சார்புல நீ ரெண்டு வார்த்தை சொன்னா போறும். வேற எவனும் வாயைத் திறக்க மாட்டான்.”

“சரி சார்.”

அவர் தூக்கை வாங்கிக்கொண்டு போனார். அன்றைக்கு மிளகு ரசம்.

வியாழக்கிழமை மாலை ஷர்மிளா வந்தாள். எதிர்க்கரைக் குடியிருப்பில் இருக்கிறாள். குடும்பம் கடலோரக் குப்பத்தைச் சேர்ந்தது. அம்மா பூவம்மாள் இன்னமும் ஷேர் ஆட்டோ பிடித்துப் போய் மீன் எடுத்து வந்து விற்கிறாள். ஷர்மிளா ஐ.டி. கம்பெனி ஒன்றில் ஹவுஸ்கீப்பிங் வேலை. ஞாயிறு நடைக்குக் குடியிருப்புப் பிள்ளைகளை ஓட்டிக்கொண்டு வருகிறவள் அவள்தான்.

“இன்னாண்ணா, வூட்ல கீறியா? லைட்டு போடாம குந்திகினு கீறே?”

போட்டேன். வாசலிலேயே நின்றாள்.

“வேலிக்கு நீ சரின்னு சொல்ட்டியாமே?”

“ஆமா.”

“முழிச்சிகினு சொன்னியா, தூங்கிகினு சொன்னியா?”

நான் ஷூ ஸ்டாண்டைப் பார்த்தேன்.

“அக்கா பேர்ல கேட்டு, அக்கா பேர்ல பூட்டு. சூப்பர்ணா. எங்க குப்பத்தைக் காலி பண்ணி இங்க கொண்ணாந்து போட்டாங்க. பசங்களுக்குத் தண்ணின்னு கீறது இந்த ஏரி ஒண்ணுதான். லாரி வந்தப்போ எதுக்க குந்தினது யாரு? எங்க பசங்க. அதுங்களுக்கு டிக்கெட்டா? அதுவும் கேட்டு உங்க பக்கத்துல. மெயின் ரோட்டாண்ட சுத்தி வரணுமாம். பஸ்ஸும் லாரியும் போற ரோட்டுல வாண்டுங்களை எப்டி இட்டாறது?”

“ஞாயித்துக்கிழமை வந்து சொல்லு.”

“நாங்க சொன்னா யாரு கேப்பா? நீ சொல்லு. உனுக்கு வேணும்னா அக்கா பேர்ல ஒரு பெஞ்சு போடச் சொல்லு. குந்தறவன் குந்தட்டும்.”

போகத் திரும்பினாள். பிறகு நின்றாள்.

“அண்ணா, ரொம்ப நாளா கேக்கணும்னு கீது. அன்னிக்குக் காலீல அக்கா எங்களாண்டதான் டீ குடிச்சுது. நாளைக்கு வரேன்னு சொல்லிட்டு கரை மேலதான் போச்சு, உங்க கேட்டுப் பக்கமா. அப்பால ரோட்டுக்கு எப்டி வந்துச்சு?”

இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. கேட்டதும் பதில் தானாக வந்தது.

“கேட் பூட்டியிருந்தது.”

“எந்தக் கேட்டு?”

“தெருக்கோடி கேட். அவ போகும்போது திறந்திருந்தது. வர்றதுக்குள்ள பூட்டிட்டாங்க. சைக்கிள் திருட்டு ஜாஸ்தியாச்சுன்னு அசோசியேஷன்ல முடிவு பண்ணி, அன்னிக்குக் காலையிலதான் முதல் தடவையா பூட்டினாங்க.”

“பூட்டினது யாரு?”

“நாராயணன் சார்.”

ஷர்மிளா படியில் உட்கார்ந்துவிட்டாள்.

“அவருக்குத் தெரியுமா?”

“தெரியாது. அவர் பூட்டறதுக்கு முன்னாடியே மாளவிகா உங்க குடியிருப்புக்கு ரோடு வழியாப் போயிட்டதா நினைச்சிட்டிருக்கார்.”

“நீ சொல்லலியா?”

“ரசம் குடுத்து அனுப்புறாங்க.”

“இன்னாது?”

“தினமும்.”

என்னைப் பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன்.

“ரசத்துக்கு வாயை மூடிகினு கீற ஆளை இப்பத்தான் பாக்கறேன்” என்றாள். சிரிக்கவில்லை. மூன்றாவது வீட்டுப் பக்கம் பார்த்து, “அந்தப் பெரியவரு தாங்க மாட்டாரு. அதுவும் கரெக்ட்டுதான்” என்றாள். எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள். “உன் இஷ்டம்ணா. நான் யாராண்டயும் சொல்ல மாட்டேன்.”

அவள் சுற்றிக்கொண்டு மெயின் ரோடு வழியாகத்தான் போக வேண்டும். ஆடியிலிருந்து கேட் பூட்டியே இருக்கிறது.

சார் கெட்டவர் இல்லை. விபத்து நடந்த அன்று ஆஸ்பத்திரியில் என்னோடு இருந்தவர் அவர். பிணவறை வாசலில் என் சட்டைப் பித்தானைப் போட்டுவிட்டார். தப்பான ஓட்டையில் போட்டிருந்தேனாம். ஒரு பூட்டைப் பூட்டினார், அவ்வளவுதான். சொன்னால் அவருக்கு எழுபது வயதில் ஒரு லாரி கிடைக்கும். சொல்லாவிட்டால் ஏரிக்கு வேலி கிடைக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எந்த விளக்கும் எரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மோட்டார் போட்டேன். பால் காய்ச்சினேன். தோசை சுடவில்லை.

கூட்டத்துக்காக அன்று கேட்டைத் திறந்து வைத்திருந்தார்கள். கரையில் ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மைக். காலனிக்காரர்கள் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். எதிர்க்கரை ஆட்கள் ஷாமியானாவுக்கு வெளியே வெயிலில் நின்றார்கள். ஷர்மிளாவும் பூவம்மாளும் அவர்களோடு நின்றார்கள். ஏரியில் தண்ணீர் பாதிதான். நீர்க்கோழி ஒன்று கோரைக்குள் போவதும் வருவதுமாக இருந்தது. மேஜைமேல் அந்தப் பலகையைத் துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள்.

மாநகராட்சி இன்ஜினியர் வரைபடத்தை விரித்துக் காட்டினார். கம்பி வேலி, நடைபாதைக் கல், பின்னால் டெண்டர் விட்டுப் படகு. எதிர்க்கரைக் குடியிருப்பிலிருந்து ஏரிக்கு வரும் ஒற்றையடிப் பாதையை வேலி அடைத்துவிடும்.

“அப்போ எங்களுக்கு எங்க சார் வழி?” என்று ஷர்மிளா கேட்டாள்.

“உங்களுக்கும் இதே கேட்தாம்மா. யாரும் வர வேணாம்னு சொல்லலியே” என்றார் கவுன்சிலர். “மெயின் ரோடு வழியா வரலாம்.”

“டிக்கெட்டு வாங்கிகினு?”

“பராமரிப்புக்குக் காசு வேணாமா?”

“எங்களாண்ட கீறவங்க மீன் புடிக்கிறாங்க சார்” என்றாள் பூவம்மாள். “அதையும் படகுல குந்திகினுதான் புடிக்கணுமா?”

வெளியே சிரித்தார்கள். உள்ளேயும் இரண்டு பேர் சிரித்தார்கள். நாராயணன் சார் எழுந்தார். அவருக்குச் சத்தம் பிடிக்காது.

“இது யாரையும் தடுக்கறதுக்கு இல்லைம்மா. மாளவிகா இந்த ஏரிக்காக எவ்வளவு அலைஞ்சான்னு உங்களுக்கும் தெரியும். அதைக் காப்பாத்தறதுக்குத்தான் பூட்டு. ரோடு வழியா கொஞ்சம் சுத்தி வந்தா என்ன குறைஞ்சு போயிடும்?”

அவர் அதை நல்லவிதமாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“கிரீஷ் இருக்கான். அவனே சொல்லட்டும்.”

மைக் கைமாறிக் கைமாறி என்னிடம் வந்தது. எழுந்தேன். மாமி முன்வரிசையில் ஃபிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கூட்டம் முடிந்ததும் எனக்குக் காபி. நான் சாப்பிடாமல் வந்திருப்பது என் முகத்தைப் பார்த்தே அவளுக்குத் தெரிந்திருக்கும்.

“ஆட்சேபணை இருக்கு” என்றேன்.

கவுன்சிலர் சாரைப் பார்த்தார். சார் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை, புரியவில்லை, அவ்வளவுதான்.

“என்னப்பா? வேலி வேண்டாமா?”

“வேலி வேண்டாம் சார். இந்தக் கேட்டும் பூட்ட வேண்டாம்.”

“ஏம்ப்பா?”

காரணம் சொல்லாமல் உட்கார்ந்துவிடலாம் என்று நினைத்தேன். மனைவியை இழந்தவன், ஏதோ பேசுகிறான் என்று விட்டுவிடுவார்கள். இன்னொரு கூட்டம் வைப்பார்கள். அதில் வேலி போட்டுவிடுவார்கள். ஷர்மிளா என்னைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சார் மேஜைக்குப் போய்ப் பலகை மேலிருந்த துணியை எடுத்தார். எனக்கு ஞாபகப்படுத்த நினைத்திருக்கலாம்.

“கடைசியா அவ சொன்னதே ஏரியைப் பத்தித்தானேடா” என்றார்.

“அது நீங்க எழுதினது சார். அவ சொன்னது வேற.”

“என்ன சொன்னா?”

“அவ அன்னிக்கு ஏரிக்குப் போயிட்டிருக்கலை. ஏரியிலிருந்து வந்துட்டிருந்தா. தெருக்கோடியில நின்னு எனக்குப் போன் பண்ணினா.”

சாரின் கை இன்னும் துணியைப் பிடித்திருந்தது. மாமி ஃபிளாஸ்க்கைக் கீழே வைத்தாள். அவளுக்கு முதலில் புரிந்துவிட்டது. அவள் கணவரைப் பார்த்தாள். நான் அவர்கள் இருவரையும் பார்க்காமல், மாளவிகா போனில் சொன்னதை அவள் சொன்னபடியே, மைக்கில் சொன்னேன்.

“கிரீஷ், நம்ம ஏரிப் பக்கத்துக் கேட்டை யாரோ பூட்டிட்டாங்க. புதுப் பூட்டு. நான் மெயின் ரோடு சுத்தி வரேன். சட்னி அரைச்சு வை, தோசைக்கல்லை இப்பவே போட்டுடாத.”